47,000 மனுக்கள், 500 டன்: நியூசிலாந்து தூண்டில்காரர்களின் பங்குச் சண்டை

2013 ஆகஸ்ட் 20. நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் ஷியரர் எழுந்து, செத்த மீன் இரண்டைக் கையில் தூக்கிப் பிடித்தார். எதிரே பிரதமர் ஜான் கீ. தூண்டில் போடும் சாதாரண மக்கள் ஒரு நாளில் எத்தனை ஸ்னாப்பர் மீன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்ற வரம்பை அரசு குறைக்கப் பார்க்கிறது என்பதுதான் விவகாரம். இரண்டு நாள் கழித்து ஷியரர் கட்சித் தலைமையை விட்டே விலகினார். மீனால் அல்ல, கட்சிக்குள் வெகுநாளாகவே புகைச்சல் இருந்தது. ஆனாலும் அந்த நாட்டுக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டு மீன்கள்தான்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களின் குறை எப்படி ஒரு நாட்டின் நாடாளுமன்றம் வரை போயிற்று? அதைவிட முக்கியமாக, அவ்வளவு தூரம் போய் என்ன கிடைத்தது? இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த வழக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் மீனைப் பற்றி. ஸ்னாப்பர் என்றதும் நமக்குச் சங்கரா நினைவுக்கு வரும். இது அதுவல்ல, வேறு குடும்பம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிகளின் மொழியில் இதன் பெயர் தாமுரே. மெதுவாக வளரும், 60 வயது வரைகூட வாழும். நியூசிலாந்தின் வட தீவில், வடகிழக்குக் கரையை ஒட்டிய கடலுக்கு நிர்வாகக் கணக்கில் ‘ஸ்னாப்பர் 1’ என்று பெயர். கிழக்கு நார்த்லாந்து, ஹவுராக்கி வளைகுடா, பே ஆஃப் பிளென்டி மூன்றும் அதற்குள் வரும். அந்த வளைகுடாவின் கரையில்தான் ஆக்லாந்து நகரம் இருக்கிறது. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அங்கே வசிக்கிறார். ஆக, வணிகப் படகுகளுக்கு நல்ல விலை தரும் மீனும், சனிக்கிழமை காலை காருக்குப் பின்னால் படகை இழுத்துக்கொண்டு வரும் குடும்பங்கள் தேடும் மீனும் ஒன்றே, இடமும் ஒன்றே. சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசிப் பந்தியில் பெயர் எழுதிய இலை

1986 அக்டோபர் 1 அன்று நியூசிலாந்து கோட்டா முறைக்கு மாறியது. 1980களின் தொடக்கத்தில் யார் எவ்வளவு மீன் பிடித்ததாகப் பதிவு இருந்ததோ, அதை வைத்து வணிக மீனவர்களுக்கு உரிமை பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்த உரிமையை விற்கலாம், வாங்கலாம், குத்தகைக்கு விடலாம். 1990 முதல் அது நிலையான டன் கணக்காக இல்லாமல், அந்த ஆண்டின் மொத்த வணிக அளவில் இத்தனை விழுக்காடு என்று ஆனது. சுருக்கமாகச் சொன்னால், கடலில் நீந்தும் மீனில் ஒரு பங்கு சொத்தாகிவிட்டது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இன்னொன்றும் நடந்தது. மீன்பிடிப்பு முழுநேரத் தொழிலாக இல்லாதவர்களைத் தொழிலைவிட்டே வெளியேற்றினார்கள். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் கடல் என்று பிழைத்த பலர், அதில் மவோரிகள் நிறையப் பேர், ஒரே கையெழுத்தில் வணிக மீனவர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். பதிவு இருந்தால் உரிமை, இல்லையென்றால் இல்லை என்ற வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1996 சட்டத்தின்படி பங்கு பிரிப்பது இப்படி. ஓர் இனத்தில் மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்று அமைச்சர் முடிவு செய்கிறார். அதிலிருந்து மவோரிகளின் மரபுவழி மீன்பிடிப்புக்கு ஒரு பகுதி, பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு ஒரு பகுதி, வலையில் அடிபட்டும் திருப்பி எறியப்பட்டும் வீணாகச் சாகும் மீனுக்கு ஒரு பகுதி கழிக்கிறார். மிச்சம்தான் வணிகத்துக்கு. தாளில் பார்த்தால் வணிக மீனவருக்குக் கடைசிப் பந்தி. ஆனால் அந்தக் கடைசிப் பந்தியில் மட்டும்தான் ஒவ்வோர் இலையிலும் பெயர் எழுதியிருக்கிறது. முதல் பந்தியில் கூட்டம் கூட்டமாக வந்து உட்காருகிறார்கள். யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் நியூசிலாந்தில் கடலில் தூண்டில் போட உரிமம் கிடையாது. பிடித்ததை எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. விற்கக் கூடாது, நாள் வரம்பைத் தாண்டக் கூடாது, குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை அமைச்சகம் மதிப்பிட்டுத்தான் சொல்ல முடியும். படகுத்துறையில் நின்று திரும்பி வருகிறவர்களைக் கேட்பது, விமானத்தில் பறந்து படகுகளை எண்ணுவது, குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுக்கத் தொலைபேசியில் விசாரிப்பது என்று வழிகள் வைத்திருக்கிறார்கள்.

ஸ்னாப்பர் 1 கடலில் 1997க்குப் பிறகு பொழுதுபோக்குப் பங்காக எழுதப்பட்டிருந்தது 2,550 டன். 2011-12 கணக்கெடுப்பு காட்டியதோ 3,700 டன்னுக்கும் மேல். ஆயிரம் டன்னுக்கு மேல் மீறல். மீறியது யார்? யாருமே இல்லை. ஒவ்வொருவரும் தன் ஒன்பது மீன் வரம்புக்குள்தான் இருந்தார். பெரும்பாலானவர்கள் ஒன்பதை எட்டியதே இல்லை. தனித்தனியாக எல்லாரும் சட்டப்படி நடந்து, சேர்ந்து பார்த்தால் கணக்கு எகிறிவிட்டது.

வணிக மீனவர் தரப்பை இங்கே கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். அவர்கள் பிடிப்பது கிலோ கிலோவாகப் பதிவாகிறது. தாண்டினால் காசு கட்ட வேண்டும். ஆக்லாந்தில் மக்கள்தொகை ஏற ஏற, படகுகளும் மீன் காட்டும் கருவிகளும் மலிவாக மலிவாக, முதல் பந்தி பெருத்துக்கொண்டே போகிறது. அதற்காகத் தங்கள் பங்கைக் குறைத்தால் இழப்பீடும் கிடையாது. வங்கியில் கடன் வாங்கி வாங்கிய கோட்டா இப்படிக் கரைந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? இரண்டு தரப்புக்கும் விகிதத்தை நிலையாகக் கட்டிவிடுங்கள், கூடினாலும் குறைந்தாலும் சேர்ந்தே கூடுவோம் குறைவோம் என்பதுதான் அவர்கள் வெகுகாலமாகக் கேட்டு வருவது.

1995இல் இது நீதிமன்றம் போனது. ஸ்னாப்பர் 1 வணிக அளவை 4,938 டன்னிலிருந்து 3,000 டன்னாகக் குறைக்க மீன்வள அமைச்சர் டக் கிட் முடிவு செய்தார். தொழில் தரப்பு வழக்குப் போட்டது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. வணிக அளவு 4,500 டன்னில் நின்றது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது: பொழுதுபோக்குத் தேவை காலப்போக்கில் கூடினால், ஏதோ ஒரு விகிதாசார விதி இருக்கிறது என்பதற்காக அமைச்சர் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கவே முடியாது என்று சொல்வது விசித்திரமாக இருக்கும் என்ற பொருளில். அன்றிலிருந்து அந்தத் தீர்ப்பை இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பக்கம் திறந்து வாசிக்கிறார்கள்.

நான்காவது வழி

தூண்டில்காரர்கள் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தது ஒரு வாக்குறுதியை. 1989இல் மீன்வள அமைச்சராக இருந்த காலின் மொய்ல் ஒரு கொள்கையை வெளியிட்டார். வணிகத்துக்கும் வணிகமல்லாத மீன்பிடிப்புக்கும் சேர்த்துப் போதுமான அளவு ஓர் இனம் இல்லையென்றால், வணிகமல்லாததற்கே முன்னுரிமை என்றது அது. மொய்ல் வாக்குறுதி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பிரச்சினை என்னவென்றால், அது கொள்கைதான், சட்டமல்ல. 1996இல் புதுச் சட்டம் வந்தபோது அந்த வரி உள்ளே வரவில்லை.

2000ஆம் ஆண்டு அமைச்சகமும் பொழுதுபோக்கு மீன்பிடி கவுன்சிலும் சேர்ந்து ஒரு விவாத ஆவணம் கொண்டுவந்தன. ‘சவுண்டிங்ஸ்’ என்று பெயர். கயிறு விட்டு ஆழம் பார்ப்பது என்று அர்த்தம், நம் வழக்கில் சொல்லும் ஆழம் பார்ப்பதும் அதேதான். மூன்று வழிகளை முன்வைத்தார்கள். இருப்பதை ஓரளவு செப்பனிட்டு வைத்துக்கொள்வது தொடங்கி, பொழுதுபோக்குக்கும் ஒரு நிலையான பங்கைக் கட்டுவது, அதைத் தாங்களே நிர்வகிப்பது வரை.

மூன்றும் வேண்டாம் என்றது ஒரு குழு. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ஆப்ஷன் 4’. நான்காவது வழி. கேட்டவையும் நான்கு: வணிகத்துக்கு முன்னால் முன்னுரிமை, மீன் அருகிப்போகும் இடங்களில் மொத்தமாக அள்ளும் வணிக முறைகளைத் தள்ளிவைக்கும் வழி, மக்கள் கடலில் விட்டுவைத்த மீன் அடுத்த ஆண்டு வணிகக் கோட்டாவுக்குப் போகாமல் காக்கும் திட்டமிடல், உரிமம் என்ற பேச்சே கூடாது. எளிய கோரிக்கைகள், எளிய பெயர். தூண்டில் கடைகளிலும் மீன்பிடி சங்கங்களிலும் படிவங்கள் பறந்தன. 60,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. ஆழம் பார்க்க வந்தவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

ஆள் திரட்டும் கலையில் இது பெரிய வெற்றி. ஆனால் கூர்ந்து பார்த்தால், இந்த வெற்றி ஒன்றைத் தடுத்த வெற்றி. எதையும் எழுதி வாங்கிய வெற்றி அல்ல.

கஹாவை வழக்கு

எழுதி வாங்கப் போனது அடுத்த சுற்றில். இந்த முறை மீன் வேறு: கஹாவை. கரையோரம் நின்று பிள்ளைகள் முதன்முதலாகப் பிடிக்கும் மீன், ஆற்று முகத்துவாரத்தில் மவோரிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடிக்கும் மீன். சுருக்குமடிப் படகுகளுக்கு அது குறைந்த விலைக்குப் போகும் மொத்தச் சரக்கு. 2004 அக்டோபரில் கஹாவை கோட்டா முறைக்குள் வந்தது. அமைச்சர் டேவிட் பென்சன்-போப், ஏற்கெனவே பிடித்துவந்த அளவுகளை ஒட்டியே பங்கு பிரித்தார். அடுத்த ஆண்டு எல்லாருக்கும் 10 விழுக்காடு குறைத்தார்.

தூண்டில்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. வலைகள் மீனை அள்ளிவிட்ட பிறகு எங்களுக்குக் கிடைத்த கொஞ்சத்தை எடுத்து, இதுதான் உங்கள் பங்கு என்று எழுதினால், எங்கள் இழப்பையே எங்கள் அளவாக வைக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? பொழுதுபோக்கு மீன்பிடி கவுன்சிலும் பெருமீன் பிடிப்போர் சங்கங்களின் கவுன்சிலும் 2005இல் வழக்குத் தொடர்ந்தன. வடக்கே பெரிய மவோரி இனமான நாபுஹி அவர்கள் பக்கம் நின்றது. எதிர்த்தரப்பில் சான்ஃபோர்ட், சீலார்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் எதிர் வழக்கோடு வந்தன.

2007இல் உயர் நீதிமன்றத்தில் தூண்டில்காரர்கள் பெருமளவு வென்றார்கள். மக்களின் சமூக, பொருளாதார, பண்பாட்டு நலனுக்கு வழிசெய்ய வேண்டும் என்று சட்டத்தின் நோக்கப் பிரிவு சொல்கிறதே, அதைப் பங்கு பிரிக்கும்போது அமைச்சர் எடை போட வேண்டும் என்ற வாதம் எடுபட்டது. 2008இல் மேல்முறையீட்டில் அது பெரும்பாலும் தலைகீழானது. 2009 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது: சட்டம் எந்தத் தரப்புக்கும் முன்னுரிமை தரவில்லை, நியாயமான எல்லைக்குள் எப்படிப் பிரிப்பது என்பது அமைச்சரின் கையில். தலைமை நீதிபதி ஷான் ஈலியஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

நான்கு ஆண்டுகள், மூன்று நீதிமன்றங்கள், சங்கங்கள் பிஸ்கட் விற்காத குறையாகத் திரட்டிய பணம். மொய்ல் வாக்குறுதி சட்டத்தில் இல்லை என்பது இப்போது நாட்டின் உச்ச நீதிமன்ற முத்திரையோடு உறுதியானது. ஆனால் முழுத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அமைச்சரின் கை கட்டப்படவில்லை என்றால், அவரைத் தள்ள முடியும் என்றும் அர்த்தம். அதாவது பிரச்சினை நீதிமன்றத்திலிருந்து அரசியலுக்குத் திரும்பியது. கூட்டம் சேர்ப்பதில் தூண்டில்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

நடுவில், 2006இல் அமைச்சர் ஜிம் ஆண்டர்டன் ‘பகிர்ந்துகொள்ளும் மீன்வளம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்து பார்த்தார். இரு தரப்பும் சேர்ந்து எதிர்த்த அபூர்வம் அது. கைவிடப்பட்டது.

2013: ஒன்பதிலிருந்து மூன்று?

2012இல் ‘லெகஸீ’ என்ற அமைப்பு வந்தது. பழைய பெருமீன் கவுன்சில் இதற்குள் விளையாட்டு மீன்பிடி கவுன்சிலாகப் பெயர் மாறியிருந்தது. பொதுமக்களிடம் பேச அது உருவாக்கிய முகம்தான் லெகஸீ. நேரம் நன்றாக அமைந்தது. அடுத்த ஆண்டே பெரிய சண்டை வந்துவிட்டது.

புதிய மதிப்பீட்டின்படி ஸ்னாப்பர் 1இல் மீன்வளம், மனிதன் பிடிக்கத் தொடங்கும் முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இலக்கோ 40 விழுக்காடு. மேலே சொன்ன 3,700 டன் கணக்கும் கையில் இருந்தது. ஜூலையில் அமைச்சகம் வெளியிட்ட யோசனைகளில் ஒன்று, நாள் வரம்பை ஒன்பதிலிருந்து மூன்று வரை இறக்கலாம் என்றது.

‘ஒன்பதிலிருந்து மூன்று’ என்பதற்கு விளக்கமே தேவையில்லை. மொத்த அனுமதி, ஒதுக்கீடு, விகிதாசாரம் என்று பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆறு மீனைப் பிடுங்குகிறார்கள் என்றால் எல்லாருக்கும் புரியும். பொதுக்கூட்டங்கள் நிரம்பின. 47,000க்கும் அதிகமான மனுக்கள் குவிந்தன. ஷியரரின் இரண்டு மீன்கள் வந்தது இந்த வாரங்களில்தான்.

லெகஸீயின் பிரச்சாரம் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தது. எங்கள் பங்கு எவ்வளவு என்பதை விட, அவர்கள் எவ்வளவு வீணடிக்கிறார்கள் என்ற கேள்வியை முன்னால் வைத்தது. இழுவலையில் சிக்கிச் செத்து, அளவு குறைந்ததால் கடலில் வீசப்படும் குஞ்சு மீன்களுக்குக் கணக்கு எங்கே என்று கேட்டது. அதாவது, எங்களை எண்ணவில்லை என்கிறீர்களே, உங்களை மட்டும் சரியாக எண்ணிவிட்டார்களா? நல்ல அடி.

சங்கடமான இடம் ஒன்றும் இருந்தது. வணிகக் கோட்டாவைக் குறை என்று கத்தினால், அந்தக் கோட்டாவில் ஒரு பகுதி மவோரிகளுடையது. 1992 உடன்படிக்கையில், நூற்றாண்டு கால அநீதிக்கு ஈடாக, அரசு அவர்களுக்குக் கொடுத்தது அது. ஹவுராக்கி வளைகுடாவில் மீன் பிடிக்கும் நிறுவனங்களில் மவோரி இனங்களுக்குச் சொந்தமானதும் உண்டு. கஹாவை வழக்கில் தோளோடு தோள் நின்றவர்களின் சொத்தில் கை வைக்கச் சொல்வதாக அது முடியக்கூடும். பெரிய நிறுவனங்கள் ஒரு பக்கம், சாமானியர் மறுபக்கம் என்று இதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்ட முடியாது.

செப்டம்பரில் அமைச்சர் நேதன் கய் முடிவை அறிவித்தார். மொத்த அனுமதி 7,550 டன்னிலிருந்து 8,050. கூடிய 500 டன்னும் பொழுதுபோக்குக்கு: 2,550 டன் 3,050 ஆனது. வணிகத்துக்கு அதே 4,500. நாள் வரம்பு மூன்று அல்ல, ஏழு. குறைந்தபட்ச நீளம் 27 சென்டிமீட்டரிலிருந்து 30. வணிகப் படகுகளில் இடங்காட்டும் கருவி வர வேண்டும். இழுவலைப் படகுகள் எல்லாவற்றிலும் 2015 அக்டோபருக்குள் பார்வையாளரோ கேமராவோ இருக்க வேண்டும்.

செய்தியைப் படித்தவர்களுக்கு இது வெற்றி போலத் தெரிந்தது. மூன்று ஏழாயிற்று, மேலே 500 டன் வேறு. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தூண்டில்காரர்கள் அப்போதே பிடித்துக்கொண்டிருந்தது 3,700 டன்னுக்கு மேல். இனிப் பிடிக்க வேண்டியது 3,050. தாளில் 500 டன் கூடியது, படகில் ஏறத்தாழ 700 டன் குறைய வேண்டும். மொத்தக் கடலில் பிடிப்பைக் குறைக்கும் சுமை முழுவதையும் தூக்கப்போவது முதல் பந்திக்காரர்கள். கடைசிப் பந்தியில் ஓர் இலைகூட நகரவில்லை.

எண்ணப்படாமல் இருப்பதன் விலை இது என்பது என் கருத்து. தூண்டில்காரர்கள் உரிமத்தை எதிர்ப்பதற்குக் காரணம் புரிகிறது. கடலில் தூண்டில் போடுவது அங்கே பிறப்புரிமை மாதிரி; உரிமம் வந்தால் உரிமை அனுமதியாகிவிடும், அனுமதிக்கு அடுத்து கட்டணம், கட்டணத்துக்கு அடுத்து ஏலம். இந்தப் பயம் வீண் பயமல்ல, கோட்டா முறையே அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் பதிவில்லாத தரப்பு ஒவ்வொரு முறையும் அமைச்சகத்தின் மதிப்பீட்டை வைத்துக்கொண்டே சண்டை போட வேண்டியிருக்கிறது. குறைக்க வேண்டும் என்று வரும்போது, வணிகத்தைக் குறைத்தால் வழக்கு வரும். நாள் வரம்பைக் குறைத்தால் மனுதான் வரும். மனுவைப் பார்த்து அமைச்சர் பயப்படுவார், ஆனால் தேர்தல் வரைக்கும்தான்.

தன் பிடிப்பைத் தானே பதிந்து, அந்த ஏட்டை அரசிடம் கொடுக்காமல் சங்கத்திடம் வைத்துக்கொள்வது போன்ற நடுவழிகள் உண்டு. ஆர்வமுள்ள சிலர் செய்வார்கள். பல லட்சம் பேர் செய்வார்களா என்றால், சனிக்கிழமை சாயங்காலம் களைத்துப்போய், ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையேறும் ஆளிடம் கேட்டுப் பாருங்கள்.

புதிய விதி 2014 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முந்தின நாள் வரை 28 சென்டிமீட்டர் ஸ்னாப்பர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்திருக்கலாம். அன்றிலிருந்து அதைத் தூண்டிலிலிருந்து கழற்றித் தண்ணீரில் விட வேண்டும். அதே மீன் மறுநாள் இழுவலையில் ஏறினால் தடையின்றிச் சந்தைக்குப் போகலாம். வணிகத்துக்கான குறைந்தபட்ச நீளம் 25 சென்டிமீட்டர்தான்; அதை யாரும் மாற்றவில்லை.